ஜன்னலுக்கும் கதவுக்கும் வெளிப்புற ரோலிங் ஷட்டர்: தேர்வு முதல் பொருத்துதல் வரை

ரோலிங் ஷட்டர் என்றதும் கடைத்தெருதான் நினைவுக்கு வரும். வீட்டு ஜன்னலுக்கு வரும் ஷட்டரும் அதே இனம்தான். ஆனால் அதன் வேலை வேறு. கடை ஷட்டர் ஆளில்லாத இடத்தை வெளியிலிருந்து பூட்டுகிறது. வீட்டு ஷட்டருக்குப் பின்னால் ஆட்கள் தூங்குகிறார்கள். அது வெயிலையும் சாரலையும் காற்றையும் தடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் நினைத்த மாத்திரத்தில் திறந்துகொண்டு வெளியே வரவும் வேண்டும்.

ஆகவே, ஷட்டர் வாங்கும்போது இரண்டு கேள்விகளை விடாமல் கேளுங்கள். இந்த ஜன்னலுக்கு எதிலிருந்து பாதுகாப்பு வேண்டும்? கரண்ட் இல்லாதபோது இதை உள்ளிருந்து எப்படித் திறப்பது? முதல் கேள்விக்கான பதில் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும். இரண்டாவது கேள்விக்கான பதில் உயிரைக் காக்கும்.

1. முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

கம்பெனி ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எல்லா ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் எண் போடுங்கள்.
2. காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று வேளையும் எந்தக் கண்ணாடியில் நேர் வெயில் விழுகிறது என்று குறியுங்கள். சன்ஷேட் உச்சிவெயிலைத் தடுக்கும். சாய்ந்து வரும் மாலை வெயில் அதற்குக் கீழே நுழைந்துவிடும். மேற்கு அறை இரவு பத்து மணிக்கும் சூடாக இருப்பது இதனால்தான்.
3. அடைமழையில் எந்த ஜன்னலில் சாரல் உள்ளே வருகிறது என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள்.
4. காம்பவுண்டுச் சுவர், பக்கத்து மொட்டை மாடி, மழைநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து கை எட்டும் ஜன்னல் எது என்று பாருங்கள்.
5. எதிரில் தென்னை மரம், தகரக் கூரை, விளம்பரப் பலகை போலக் காற்றில் பறந்து வரக்கூடியவை உண்டா என்று பாருங்கள்.
6. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரே ஒரு முதன்மைக் காரணம் எழுதுங்கள்: வெயில், சாரல், புயல் அல்லது திருட்டு.

சில எண்களுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. அந்த ஜன்னலுக்கு ஷட்டரே தேவையில்லை. வீடு முழுக்க ஒரே மாதிரி போட்டால் அழகாக இருக்கும் என்று விற்பவர் சொல்வார். நிழலில் இருக்கும் வடக்கு ஜன்னலுக்குச் செலவழிக்கும் தொகையை மேற்கு ஜன்னலின் தரத்தைக் கூட்டப் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கை: கேஸ் அடுப்பு உள்ள சமையலறை ஜன்னலை முழுக்க அடைக்கும் ஷட்டர் வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால், காற்றுப்போக்கிக்குத் தனி வழி விட்ட பிறகு போடுங்கள்.

2. உங்கள் ஜன்னல் இடம் கொடுக்குமா?

பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. பொருள் நன்றாக இருக்கும், ஆனால் ஜன்னலுக்குப் பொருந்தாது. நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? நம் ஊர் மர ஜன்னல்களில் கிரில் உள்பக்கம் இருக்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கும். வெளியே ஷட்டர் இறங்கும் பாதையில்தான் அந்தக் கதவும் திறந்து நிற்கும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஜன்னலை யு.பி.வி.சி. அல்லது அலுமினிய ஸ்லைடிங்காக மாற்றலாம். புயலுக்கு மட்டும் ஷட்டர் போதும் என்றால், ஜன்னலைச் சாத்திய பிறகே இறக்குவது என்று வைத்துக்கொண்டு கையால் இயக்கும் ஷட்டர் போடலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த ஜன்னலை விட்டுவிடலாம். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கு டைமர் வைத்த மோட்டார் ஷட்டர் மட்டும் போடாதீர்கள். திறந்திருக்கும் ஜன்னல் கதவின் மேல் ஷட்டர் இறங்கி, பட்டை வளைந்து, கண்ணாடியும் உடையும்.

சன்ஷேடுக்கும் ஜன்னல் தலைக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஷட்டர் சுருண்டு உட்கார ஒரு பெட்டி வேண்டும். 4 அடி உயர ஜன்னலுக்குச் சுமார் 15 செ.மீ., 7 அடிக் கதவுக்கு 18 முதல் 20 செ.மீ. உயரமுள்ள பெட்டி தேவைப்படும்; பட்டை தடிமனாக இருந்தால் இதற்கு மேலும் போகும். நம் கட்டடங்களில் லிண்டலோடு சேர்த்தே சன்ஷேட் வார்ப்பதால், ஜன்னல் தலைக்கு மேல் பெரும்பாலும் இடமே இருக்காது. அப்போது பெட்டி கண்ணாடியின் மேல்பகுதியை மறைத்தபடி தொங்கும். எவ்வளவு மறையும் என்பதைக் கண்ணால் பார்க்க, அந்த அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி ஜன்னலில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். வெளிச்சம் குறைவது பிடிக்கவில்லை என்றால் இப்போதே தெரிந்துவிடும்.

ஓரங்களில் இடம் உண்டா? இரண்டு பக்கமும் ஷட்டர் ஏறி இறங்கும் கைடு சேனல் நிற்கச் சுமார் 5 முதல் 6 செ.மீ. சமதளம் வேண்டும். ஏ.சி. குழாய், கேபிள் வயர், வெளியே புடைத்து நிற்கும் பெட்டி கிரில் எல்லாம் இதற்குத் தடையாக வரலாம்.

சுவர் எதனால் ஆனது? செங்கல் சுவரில் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் ஆங்கர் இறங்க வேண்டும். ஏ.ஏ.சி. கல், ஹாலோ பிளாக் சுவர்களில் சாதாரண ஆங்கர் பிடிக்காது. அதற்கென்று உள்ள ஆங்கரோ கெமிக்கல் ஆங்கரோ தேவை. சுவர் எது என்று தெரியாவிட்டால் கட்டிய கொத்தனாரையோ இன்ஜினீயரையோ கேளுங்கள்.

குறிப்பு: வீடு இப்போதுதான் எழும்புகிறது என்றால் லிண்டல் போடும் முன்பே ஷட்டரை முடிவு செய்துவிடுங்கள். பெட்டி உயரத்துக்கு லிண்டலை ஏற்றி வார்த்தால் பெட்டி சுவருக்குள் மறையும், வெளிச்சமும் குறையாது. வயர் குழாயையும் பூச்சு வேலைக்கு முன் பதித்துவிடலாம். பெட்டியைத் திறந்து பழுது பார்க்க ஒரு மூடி மட்டும் கட்டாயம் விடுங்கள்.

3. பட்டை: எது எதற்கு?

ஷட்டரின் உடல், ஒன்றோடொன்று கோத்த பட்டைகள்தான். இவற்றை ஸ்லாட் என்பார்கள். பட்டை எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

1. நுரை அடைத்த அலுமினியப் பட்டை. மெல்லிய அலுமினியத் தகட்டை உருட்டி, நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பியது. சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோதான் இருக்கும். சத்தம் குறைவு. வெயிலுக்கும் சாரலுக்கும் நல்ல தேர்வு. தகடு மெல்லியது என்பதால் இதைத் திருடனைத் தடுக்கும் சுவராக நம்பக் கூடாது.
2. எக்ஸ்ட்ரூடட் அலுமினியப் பட்டை. அலுமினியத்தை அச்சு வழியே அழுத்தி எடுத்தது. கனமும் விலையும் கூடுதல், பெட்டியும் பெரிதாகும். புயல், திருட்டு என்று எழுதிய எண்களுக்கு இதைப் பாருங்கள்.
3. ஜி.ஐ. இரும்புப் பட்டை. கடைகளில் பார்ப்பது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6248 இந்த வகைக்கு உண்டு. 18 கேஜ் என்பது சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ.; கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். உறுதியானது, ஆனால் சூடேறும், சத்தம் போடும், கடலோரத்தில் துருப்பிடிக்கும். உள்மாவட்டங்களில் கார் ஷெட், பின்வாசல் ஆகியவற்றுக்குப் போடலாம்.
4. பி.வி.சி. பட்டை. விலை மலிவு, எடை குறைவு. நம் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். மேற்குப் பக்கம் வேண்டாம்.
5. துளையிட்ட பட்டை, பாலிகார்பனேட் பட்டை. பால்கனிக்கு ஏற்றவை. துளையிட்டதில் காற்றும் வரும். பாலிகார்பனேட்டில் வெளிச்சம் மட்டும் வரும்.

வெயிலுக்காக வாங்குகிறவர்கள் வெளிர் நிறமே எடுங்கள். அடர் பழுப்பும் கறுப்பும் வெயிலை உறிஞ்சிச் சூடேறி, அந்தச் சூட்டைக் கண்ணாடிப் பக்கம் அனுப்பும். உள்ளே திரை போடுவதைவிட வெளியே ஷட்டர் போடுவது சிறந்தது என்பதற்குக் காரணம் எளிது: கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் அறைக்குள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. வெளியே தடுத்தால் அந்த வெப்பம் வெளியோடு போகும்.

சாம்பிளைக் கையில் வாங்கிச் சோதியுங்கள்

ஓர் அடி நீளப் பட்டைத் துண்டும் நான்கு ஸ்க்ரூவும் கேளுங்கள். வெட்டிய முனையைப் பாருங்கள்: நுரை மூலை வரை நிரம்பியிருக்கிறதா, நடுவில் பொந்து விழுந்திருக்கிறதா? கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் தகடு மெலிந்தது. பின்பக்கம் நாணயத்தால் கீறிப் பாருங்கள். பூச்சு செதிலாக உதிர்ந்தால் வேண்டாம். ஸ்க்ரூவில் காந்தம் வையுங்கள். பலமாக ஒட்டிக்கொண்டால் அது கடலோரத்துக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்ல.

கடலோர வீடுகளுக்கு

- பவுடர் கோட்டிங் எத்தனை மைக்ரான் என்று எழுத்தில் வாங்குங்கள். 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது.
- ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். 304 உப்புக்காற்றில் நாளடைவில் கறை பிடிக்கும்.
- அலுமினிய சேனல் இரும்பு கிரிலை நேராகத் தொடக் கூடாது. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். நடுவே நைலான் அல்லது ரப்பர் வாஷர் வையுங்கள்.

4. புயல் காற்று: ஒரு சிறு கணக்கு

2016 டிசம்பர் 12-இல் சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16-இல் நாகை, வேதாரண்யம் பக்கம் கடந்த கஜா இரண்டிலுமே காற்று மணிக்கு 100 கி.மீ.-ஐத் தாண்டியது. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம்.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, பகுதி 3 (2015), சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரும், மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டரும் தருகிறது.

- சென்னை: 50 × 50 × 0.6 = 1,500 பாஸ்கல். அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடை. 4-க்கு 4 அடி ஜன்னல் ஒன்றின் மேல் சுமார் 225 கிலோ சாய்கிறது.
- மதுரை, கோவை: சுமார் 910 பாஸ்கல், சதுர மீட்டருக்கு 93 கிலோ.

வீட்டின் உயரம், சுற்றுப்புறம், சுவரில் ஜன்னல் இருக்கும் இடம் ஆகியவற்றுக்கேற்ப இது கூடும், குறையும். துல்லியக் கணக்கு இன்ஜினீயர் வேலை. ஆனால் விற்பவர் காட்டும் காகிதத்தைப் படிக்க இந்தக் கணக்கு போதும்.

இறக்குமதி ஷட்டர்களில் ஐரோப்பியத் தரம் இ.என். 13659-இன்படி காற்று வகுப்பு 1 முதல் 6 வரை போட்டிருப்பார்கள். அதன் உச்ச வகுப்பான 6-க்கே சோதனை அழுத்தம் 400 பாஸ்கல்தான். மேலே உள்ள வாய்பாட்டின்படி அது மணிக்குச் சுமார் 93 கி.மீ. காற்று. எனவே ‘வகுப்பு 6’ என்பதை மட்டும் பார்த்து, கடலோரப் புயலுக்கு இது போதும் என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்த பிறகு விதிகள் கடுமையாயின. அங்கே புயல் ஷட்டர் மீது சுமார் 4 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிந்து சோதிக்கிறார்கள். பிறகு அழுத்தத்தை மாறி மாறிக் கொடுத்தும் பார்க்கிறார்கள். ‘புயல் தாங்கும்’ என்று விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று:

1. எத்தனை பாஸ்கலுக்குச் சோதித்தது? சோதனை அறிக்கை எங்கே?
2. அந்தச் சோதனை எந்த அகலத்துக்கு? 1 மீட்டர் அகலத்தில் தாங்கிய பட்டை 3 மீட்டரில் தாங்காது. அகலம் கூடக் கூடப் பட்டை நடுவில் வளைந்து, முனை சேனலிலிருந்து உருவிக்கொள்ளும்.
3. பட்டையின் முனை சேனலைவிட்டு உருவாமல் பிடிக்கும் கொக்கி உண்டா? சேனல் எவ்வளவு ஆழம்?

அகலமான பால்கனி கதவுக்கு ஒரே ஷட்டர் போடாமல், நடுவே ஒரு தூண் நிறுத்தி இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பகுதி பழுதானாலும் மற்றதன் வழியே வெளியே வரலாம்.

காற்று எதிர்கொள்ளும் பக்கத்தில் ஒரு கண்ணாடி உடைந்தாலும் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். ஓட்டுக் கூரை, ஷீட் கூரை வீடுகளில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கே முதலிடம் கொடுக்க வேண்டியது இதனால்தான்.

5. எப்படி இயக்குவது?

- நாடா: உள்ளிருந்து நாடாவை இழுத்து ஏற்றுவது. எடை குறைந்த சிறு ஜன்னலுக்குச் சரி. கரண்ட் பற்றிய கவலையே இல்லை. நாடா தொங்கும் இடம் குழந்தைக்கு எட்டாமல், உருளையில் சுருண்டு அடங்கும்படி இருக்கட்டும். தொங்கும் கயிறு கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு.
- கைப்பிடி: கியர் வைத்துச் சுற்றுவது. கனமான பட்டைக்கும் ஏற்றது. மெதுவாக நகரும், எளிதில் பழுதாகாது.
- ஸ்பிரிங்: தூக்கி இறக்குவது. வீட்டுக் கதவுக்கும் வரும். ஸ்பிரிங் உள்ள பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறித்துவிடும்.
- டியூப்லர் மோட்டார்: ஷட்டர் சுருளும் உருளைக்குள்ளேயே இருக்கும். முதியவர்கள் உள்ள வீட்டுக்கும், எட்டாத உயரத்துக்கும் வசதி.

மோட்டாரின் திறனை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். 4-க்கு 4 அடி நுரைப் பட்டை ஷட்டர் சுமார் 6 கிலோதான். அதற்கு 10 நியூட்டன் மீட்டர் மோட்டார் தாராளம். 7 அடிக் கதவுக்கு எக்ஸ்ட்ரூடட் பட்டை என்றால் எடை பல மடங்காகும். ‘இந்த மோட்டார் எத்தனை கிலோ தூக்கும், என் ஷட்டர் எத்தனை கிலோ’ என்று இரண்டு எண்களையும் எழுதி வாங்குங்கள். தூக்கும் திறன் கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும்.

மோட்டார் தொடர்ந்து சுமார் 4 நிமிடம் ஓடினால் சூடேறித் தானே நின்றுவிடும். இது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

மின் இணைப்பு விதிகள்

1. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.
2. தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த் மூன்றும் கட்டாயம். மழையில் நனையும் இடத்தில் 230 வோல்ட் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.
3. ஏற்றும் பொத்தானையும் இறக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்த முடியாத சுவிட்ச்தான் போட வேண்டும்.
4. இரண்டு மோட்டார்களை ஒரே சுவிட்சில் நேராக இணைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் பாய்ந்து இரண்டும் கெடும். ரிலே வைத்துப் பிரிக்க வேண்டும்.
5. சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். துளையும் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மழைநீர் கேபிள் வழியே அறைக்குள் வரும்.
6. சிறு ஜன்னல் மோட்டார் 100 முதல் 200 வாட்தான் எடுக்கும். அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள்.
7. சுவிட்ச் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஆனால் ஷட்டர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

6. வெளியேறும் வழி: இதில் சமரசம் வேண்டாம்

தீ விபத்து நேரும்போது கரண்ட் இல்லாமல் போகலாம். புகையில் கண் தெரியாது. அந்த நேரத்துக்கு ஏற்ற வீடுதானா என்று பாருங்கள்.

1. ஒவ்வொரு தளத்திலும் ஒரு வாசலாவது மின்சாரம் இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும்.
2. மோட்டார் ஷட்டர் போட்ட கதவுக்குக் கையால் சுற்றித் திறக்கும் வசதி கட்டாயம். அந்தக் கைப்பிடி ஷட்டருக்குப் பக்கத்திலேயே கொக்கியில் தொங்க வேண்டும். பீரோவுக்குள் இருந்தால் பயனில்லை.
3. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டுப் போடும் பழக்கமே கூடாது.
4. ஷட்டர் திறந்தாலும் ஜன்னலில் நிலையான கிரில் இருந்தால் அது வெளியேறும் வழி ஆகாது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னல் கிரிலில் திறக்கும் கதவு வைக்கச் சொல்லுங்கள். சாவி உள்பக்கம், கை எட்டும் இடத்தில், ஆனால் வெளியிலிருந்து எட்டாதபடி இருக்கட்டும்.
5. மோட்டார் வாங்கும்போது, இறங்கும் ஷட்டர் எதிலாவது இடித்தால் தானே நிற்கும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். நடமாட்டம் உள்ள கதவுக்கு இது அவசியம்.

திருட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஷட்டர் வந்துவிட்டது என்று கிரிலைக் கழற்றாதீர்கள். ஷட்டர் திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. கீழிருந்து தூக்க முடியாதபடி உருளையோடு பிடித்துக்கொள்ளும் பூட்டு இருந்தால் அந்தத் தாமதம் கூடும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

7. அளவெடுப்பது எப்படி?

பேச்சு அடியில் இருக்கலாம். ஆர்டர் மில்லிமீட்டரில் போக வேண்டும்.

1. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் எடுங்கள்.
2. உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் எடுங்கள்.
3. இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது.
4. தூக்குக்குண்டு விட்டு ஓரச் சுவர் நேராக இருக்கிறதா, ரசமட்டம் வைத்துத் திறப்பின் அடிப்பகுதி மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.
5. சுவரின் ஆழத்துக்குள் ஷட்டர் உட்காரும் என்றால், மூன்று அளவில் சிறியதை எடுத்து அதிலும் சுமார் 5 மி.மீ. குறையுங்கள்.
6. சுவரின் வெளிமுகத்தில் பொருத்துவதென்றால், மூன்றில் பெரியதை எடுத்து, இரு பக்க சேனல் அகலத்தையும் கூட்டுங்கள். உயரத்தோடு பெட்டியைச் சேருங்கள்.
7. கம்பெனி ஆள் தன் அளவைத் தானே எடுக்கட்டும். உங்கள் நோட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அங்கேயே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவுத் தாளில் அவர் கையெழுத்து வாங்குங்கள்.

கோணல் சுவரை ஷட்டரால் சரிசெய்ய முடியாது. முதலில் கொத்தனாரை வைத்துப் பூச்சைச் சரிசெய்துவிட்டுப் பிறகு அளவெடுங்கள்.

8. கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும்?

குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

- சதுர அடிக் கணக்கில் பெட்டி உயரமும் சேருமா? 4 அடி ஜன்னலில் இதுவே பெரிய வித்தியாசம்.
- சிறு ஜன்னலுக்குக் குறைந்தபட்சப் பரப்பு என்று வைத்துப் பில் போடுவார்களா?
- பட்டையின் வகை, தகட்டின் தடிமன், கோட்டிங் மைக்ரான், ஸ்க்ரூ வகை.
- மோட்டாரின் பெயர், திறன், உத்தரவாதக் காலம். கோட்டிங்குக்குத் தனி உத்தரவாதம் உண்டா?
- சாரம், வயரிங், உடைத்த பூச்சைச் சரிசெய்தல், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்ததா?
- தனியாக ஒரு பட்டை வளைந்தால் அதை மட்டும் மாற்றித் தருவார்களா? பழுது பார்க்க எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்?

முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கீழே உள்ள சோதனை முடியும் வரை ஒரு பகுதியைக் கையில் வைத்திருங்கள்.

9. பொருத்தி முடித்த அன்று செய்ய வேண்டிய சோதனை

1. ஐந்து முறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். நடுவில் சிக்கல், ஒரு பக்கம் சரிவு, உரசும் சத்தம் இருக்கக் கூடாது. மோட்டார் சூடேறினால் ஆறவிட்டுத் தொடருங்கள்.
2. முழுக்க இறங்கியபின் அடிப்பட்டை தரையில் சமமாக உட்கார வேண்டும். ரப்பர் நசுங்கி, வெளிச்சக் கீற்று தெரியாமல் இருக்க வேண்டும்.
3. கொஞ்சம் மேலே ஏற்றினால் பட்டைகளுக்கு நடுவே உள்ள துளைகள் திறக்கும் வகை என்றால், எல்லா வரிசையும் திறக்கிறதா என்று பாருங்கள். பகலில் காற்றும் வெளிச்சமும் இந்தத் துளைகள் வழியேதான் வரும்.
4. மேலே போய் ஷட்டர் தானாக நிற்க வேண்டும். பெட்டிக்குள் அடிப்பட்டை முழுகிப் போகக் கூடாது.
5. மெயினை அணைத்துவிட்டுக் கைப்பிடியால் திறந்து பாருங்கள். வீட்டில் வயதில் மூத்தவரையும் செய்யச் சொல்லுங்கள்.
6. ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் வெளியே தண்ணீர் அடியுங்கள். பெட்டியின் மூலையிலும் கேபிள் துளையிலும் உள்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.
7. பெட்டியின் இரு முனையும் அடைத்திருக்க வேண்டும். திறந்திருந்தால் அணிலும் குளவியும் கூடு கட்டும். முதல் மழைக்காலத்தில் ஷட்டர் சிக்கும்.

10. பராமரிப்பு

- மாதம் ஒருமுறை: பட்டையையும் சேனலையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவிய பின் துடைத்துவிடுங்கள்.
- ஆறு மாதத்துக்கு ஒருமுறை: சேனலில் உலர்ந்த சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம். தூசி ஒட்டி மணல்தாள் போலப் பட்டையைத் தேய்க்கும்.
- செப்டம்பரில்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லா ஸ்க்ரூவையும் பாருங்கள். ஆடுவதை இறுக்குங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள்.
- அடிக்கடி திறக்காத ஷட்டரையும் வாரம் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

1. புயல் நேரத்தில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். அதற்கு முன்பே ஷட்டர்களை இறக்கிவிடுங்கள்.
2. முழுக்க இறக்கிப் பூட்டுங்கள். பாதியில் நிற்கும் ஷட்டரைக் காற்று பிய்த்துவிடும். நன்றாக வீசும் காற்றில் ஷட்டரை ஏற்றவோ இறக்கவோ முயலாதீர்கள்.
3. காற்று அடிக்காத பக்கம் உள்ள வெளியேறும் வாசலில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச்சையும் அங்கேயே வையுங்கள்.
4. காற்று சட்டென்று ஓய்ந்தால் உடனே திறக்காதீர்கள். புயலின் கண் கடக்கும்போது கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும். புயல் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள்.

எங்கே தொடங்குவது?

எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் ஆர்டர் கொடுக்க வேண்டாம். வெயில் தொல்லைதான் பெரிது என்றால் மேற்கு ஜன்னல் ஒன்றில் தொடங்குங்கள். கடலோர வீடு என்றால் கடலைப் பார்த்த ஜன்னலில் தொடங்குங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அதைப் பயன்படுத்துங்கள். பெட்டி வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கிறது, பழுதென்றால் ஆள் வருகிறாரா, வீட்டில் உள்ளவர்கள் உண்மையிலேயே இறக்குகிறார்களா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அடுத்த ஆர்டரை அந்த அனுபவத்தை வைத்துக் கொடுங்கள். அதுவரை, பொருத்திய அந்த ஒரு ஷட்டரைக் கரண்ட் இல்லாமல் இருட்டில் திறக்க வீட்டில் உள்ள எல்லோருக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உட்பட, கற்றுக்கொடுங்கள்.